புறவாசலில் கட்டிய ஒட்டு

ஒட்டுக் கத்தி பிடிப்பது எப்படி என்று சொல்லித்தர என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் வந்திருக்கவே மாட்டேன். அதை உங்கள் கையே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். ஒருநாள் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டால் போதும், மறுநாளிலிருந்து கத்தி ஒழுங்காக ஓடும். நான் சொல்ல வந்தது வேறு. போன வாரம் உங்களில் ஒருத்தி, பெயரைச் சொல்ல மாட்டேன், இப்போது குனிந்திருக்கிற தலையைப் பார்த்தாலே தெரியும், செடி வாங்க வந்த ஓர் அம்மாவின் வீட்டுக் கதையை அடுத்த வண்டியில் வந்தவரிடம் அவிழ்த்து விட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. நாமோ வேலையை விட்டு ஓய்ந்தவள், நமக்கென்ன என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு போய்விட்டேன். அதற்கும் சேர்த்து இன்றைக்குப் பேசுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் நிழல்வலைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒட்டுக் கட்டுகிறீர்கள். பக்கத்தில் பாட்டுப் பெட்டி வேறு. நல்ல மரத்திலிருந்து குச்சியை வெட்டிக்கொண்டு வந்து உங்கள் மடியில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் காலத்தில், எழுபதுகளில், சப்போட்டாவுக்கு அந்தச் சொகுசு கிடையாது. அது வெட்டினால் பால் வடிகிற ஜாதி. தனியாக வெட்டியெடுத்த குச்சி எங்கள் கையில் பிடித்ததே இல்லை, காய்ந்து கருவாடாகிவிடும். அதனால் குச்சி செடியைத் தேடி வராது, செடிதான் மரத்தைத் தேடிப் போக வேண்டும். சப்போட்டாவுக்கு உறவான காட்டுப் பாலை மரத்து விதையைப் போட்டு, முளைத்ததைச் சட்டியில் வைத்து வருடக்கணக்கில் வளர்த்து, தண்டு பென்சில் கனம் வந்ததும் சட்டியோடு தூக்கிக்கொண்டு போவோம். சப்போட்டா மரத்தைச் சுற்றி மூங்கில் சாரம் கட்டி, சட்டிகளை மேலே அடுக்கி, பாலைத் தண்டையும் சப்போட்டாக் கிளையையும் பக்கவாட்டில் சீவி, காயத்தோடு காயம் சேர்த்துக் கட்டுவோம். கிளை தாய்மரத்தில்தான் இருக்கும். இரண்டும் ஒன்றாகி உடம்பு கூடுகிறவரைக்கும் தாய்மரம் அதற்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும். கூடியபிறகுதான் கிளையை வெட்டிப் பிரிப்போம். பாலையின் வேர், சப்போட்டாவின் தலை. அதுதான் ஒட்டுக்கன்று.

பாலை மகா மந்தமான ஜாதி. அது கூடுவதற்கு இரண்டு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். அத்தனை நாளும் சட்டிக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். மரம் யார் வீட்டில் நிற்கிறதோ அந்த வீட்டுப் புறவாசலில்தான் நம் பிழைப்பு. சாரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தால் அடுப்படி தெரியும், கிணற்றடி தெரியும், கொடியில் காய்கிற துணி தெரியும், யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பதுகூடத் தெரிந்துவிடும். ஒரு வீட்டின் முன்வாசலைப் பார்க்கிறவர்கள் ஊரில் ஆயிரம் பேர். புறவாசலைப் பார்க்கிறவள் ஒட்டுக்காரி.

எங்கள் நர்சரி குத்துக்கல்வலசைப் பக்கம், அன்றைக்கு வயலும் பனையுமாகக் கிடந்த இடத்தில் இருந்தது. சப்போட்டாவுக்கென்று எங்களுக்குச் சொந்தத் தாய்மரம் கிடையாது. தென்காசிக் கோயிலை ஒட்டி ஒரு ரதவீதி வீட்டுப் புறவாசலில் நின்ற மரத்தில்தான் வருடா வருடம் கட்டினோம். அந்தப் பழத்தைப் பற்றி நான் சொன்னால் அளக்கிறேன் என்பீர்கள். மெல்லிய தோல், மணல் மணலாகச் சதை, தின்று கை கழுவினபிறகும் விரலில் வாசம் நிற்கும். திருவேங்கடத்துப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர்கள்கூட பஸ் ஏறி வந்து, "அந்த ரதவீதி சப்போட்டா இருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக மதராஸ், பம்பாய் என்று போய்விட்டார்கள். கடைசியில் வீட்டை விற்றார்கள். வாங்கினவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இரும்புக்கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர்தான், சொன்னால் சொன்னபடி நிற்கிறவர். முன்கட்டில் குடியிருந்துகொண்டு, பின்கட்டை இடித்துப் புறவாசலையும் சேர்த்துப் புதுவீடு கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். மரம் நிற்கிற இடத்தில்தான் அடுப்படி வருகிறதாம்.

எங்கள் முதலாளி ஓடிப்போய்ப் பேசினார். ஆனி மாதம், சாரல் தொடங்கியிருந்தது, ஒட்டுக் கட்டுகிற பருவம். "கட்டிக்கோங்க. ஆடியில நான் மண்ணுல கை வைக்க மாட்டேன். ஆவணி பொறந்து மொத முகூர்த்தத்துல அஸ்திவாரம் போட்டுருவேன். அதுக்குள்ள உங்க சட்டி சாமானத்த எடுத்துரணும்" என்றார் கடைக்காரர்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "வடிவு, நாலஞ்சு செடி உசுரோட வந்தாப் போதும். நம்ம தோட்டத்துல தாய்மரமா நட்டு இந்த ஜாதியக் காப்பாத்திருவோம். வராட்டா இத்தோட போச்சு. வித்த கன்னுக எங்கெங்க நிக்கோ, சாரம் கட்டுத அளவுக்கு வளந்த மரம் வேற எங்கனயும் கெடையாதுன்னு ஒனக்கே தெரியும்."

நானும் என்னோடு வேலை பார்த்த செல்லம்மாளும் சாரம் கட்டினோம். கிளை கிளையாகத் தேடி, எட்டின இடத்தில் எல்லாம் கட்டினோம். அதற்குப்பிறகு தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. காலையில் போனால் மத்தியானம் வரைக்கும் அங்கேதான் கிடப்பேன். அந்தக் காற்று இருக்கிறதே, மேற்கே கணவாய் வழியாக வருகிற சீசன் காற்று, சட்டிகளைத் தொட்டிலாட்டுவது போல ஆட்டும். ஒவ்வொரு கட்டாகத் தொட்டுப் பார்த்து முட்டுக்கொடுப்பதே பெரிய வேலை.

கடைக்காரரின் மனைவி பெயர் கோமதி. முப்பது வயது இருக்கும். கல்யாணமாகிப் பல வருடம், பிள்ளை இல்லை. நான் சாரத்தில் இருக்கும்போது கிணற்றடியில் வந்து உட்கார்ந்து பேசுவாள். ஒருநாள் காற்றில் ஒரு சட்டி விழுந்து உடைந்தது. கீழே இறங்கி ஓட்டுத் துண்டுகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அந்த ஓட்டுல ஒரு துண்டு எனக்குக் குடுங்களேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

கொடுத்தேன். நனைந்த மண்சட்டித் துண்டு. மூக்கில் வைத்து முகர்ந்தாள். நான் அந்தப்பக்கம் திரும்பினதும் கறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு திருதிருவென்று முழிக்கிறாள். மண்ணைத் தேடுகிற வாய் எது என்று எனக்கா தெரியாது, மூன்று பெற்றவள்.

"ஏட்டி, எத்தன மாசம்?" என்றேன்.

அவ்வளவுதான், கண் நிறைந்துவிட்டது. ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருகிட்டயும் சொல்லிராதீக அக்கா. ஒங்க பிள்ளைக மேல ஆணையாச் சொல்லிராதீக. முன்ன ரெண்டு தடவ கரு தங்குச்சி. தங்கின ஒடனே வெளிய சொன்னோம். சொந்தக்காரங்க பூராவும் வந்து பாத்துட்டுப் போனாக. பாத்துட்டுப் போன பெறகு ஒண்ணுமில்லாமப் போச்சு. ரெண்டு தடவையும் அப்படித்தான். இந்தத் தடவ அஞ்சு மாசம் தாண்டுத வரைக்கும் மூச்சு விடப்போறதில்ல."

"அவருக்கும் தெரியாதா?"

"தெரிஞ்சா அவுக அம்மைக்குச் சொல்லாம இருப்பாகளா? அடுத்த பஸ்ஸுல வந்து எறங்கிருவாக. இவுக கடைக்குப் போனா சாத்திட்டுத்தான் வருதாக. சோத்தப் போட்டாத் திங்காக, பாயப் போட்டாத் தூங்குதாக. என் மொகத்த நிமிந்து பாத்தாத்தானே தெரியும்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக்கொடுத்தேன். சட்டித் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மறுநாளிலிருந்து மடியில் பொரிகடலை கட்டிக்கொண்டு போனேன். அவள் பட்ட பாட்டையும் பார்த்தேன். சீசன் நேரம் அல்லவா, பக்கத்து வீட்டுப் பெண்கள் தினமும் வந்து, "கோமதி, அருவிக்கு வரலியா?" என்று கூப்பிடுவார்கள். ஒருநாள் சளி என்பாள், ஒருநாள் கால்வலி என்பாள். ஊரே குற்றாலத்துக்கு முழுகப் போகிற மாதத்தில் ஒருத்தி முழுகாமல் இருப்பதை மறைப்பது என்றால் லேசுப்பட்ட காரியமா?

ஆடி முடியப்போகிற சமயம் ஒரு கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். பகீரென்றது. மேலுக்குக் கூடினது போல இருந்ததே தவிர, விரலால் லேசாக நெம்பினால் வாய் திறந்தது. இப்போது பிரித்தால் ஒன்றும் தேறாது. இன்னும் ஒரு மாதமாவது வேண்டும். கடைக்காரரோ முகூர்த்தம் குறித்து, மரம் வெட்ட ஆளும் சொல்லிவிட்டார்.

முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். புறவாசலில் மரத்தடியில் நின்றுதான் பேச்சு நடந்தது.

"ஒரே ஒரு மாசம் தள்ளிவைங்க. அடுத்த முகூர்த்தத்துல போட்டுக்கிடலாம்லா?" என்றார் முதலாளி.

"புரட்டாசியில எவனாச்சும் அஸ்திவாரம் போடுவானா அண்ணாச்சி? அப்புறம் ஐப்பசியில மழை. தள்ளினா அடுத்த வருசம்தான். நான் சொன்ன சொல்லு மாறல. ஆடி முடிய விட்டேன்ல? மரத்தப் பாத்துக்கிட்டே இருந்தா வீட்ட எப்பக் கட்டுதது?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. முதலாளிக்கும் அது தெரியும். தோற்றுப்போன கடுப்பில் என் பக்கம் திரும்பி, கடைக்காரர் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னார்: "வீட்டுப் பொம்பள வாயும் வயிறுமா இருந்தா ஆம்பள காய்க்கித மரத்துல கோடாலி வைக்க மாட்டான், மண்ணையும் தோண்ட மாட்டான். இங்கன அதுக்கும் வழியில்லையே. என்னத்தச் சொல்ல!"

கடைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. அடுப்படி வாசலில் கோமதி நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. கேட்டுவிட்டாள் என்று கதவு நிலையைப் பிடித்திருந்த கையே எனக்குச் சொல்லிவிட்டது.

இப்போது நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள். ஒரு வார்த்தை. கெட்ட வார்த்தைகூட இல்லை, நல்ல சேதி. சொன்னால் கடைக்காரர் துள்ளிக் குதிப்பார், கோடாலி திரும்பிப் போகும், மரம் நிற்கும், அத்தனை ஒட்டும் பிழைக்கும். முதலாளி என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன். பக்கத்தில் தொங்கின ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கிளையையே வெறித்துப் பார்த்தபடி, "சரி அண்ணாச்சி, முகூர்த்தத்துக்கு முந்தி எடுத்துருதோம்" என்றேன் கடைக்காரரிடம்.

முதலாளி என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

நர்சரிக்கு வந்தால் செல்லம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "வெட்டிப் பிரிச்சுருவோம் வடிவு. பொழச்சது பொழைக்கட்டும், போனது போகட்டும்."

எனக்கு மனசு கேட்கவில்லை. தாய்மரத்தை விட்டுப் பிரிந்தால் அந்தக் கிளைக்கு உடனே எது இல்லாமல் போகும்? தண்ணீர்தானே. உடம்பு கூடுகிற வரைக்கும் அதை வேறு வழியில் கொடுக்க முடியாதா? சாமி படத்துக்குப் பக்கத்தில் பாட்டிலில் செருகின அரளிக் கிளை வாடாமல் நிற்கிறதே என்று யோசனை ஓடியது. கிளையைக் கட்டுக்குப் பக்கத்தில் வெட்டாமல், கீழே முழ நீளம் வாலாக விட்டு வெட்டுவோம். அந்த வாலை ஒரு பாட்டில் தண்ணீரில் விட்டு, பாட்டிலைச் சட்டியோடு சேர்த்துக் கட்டிவிடுவோம். பிழைக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதைவிட்டால் வேறு வழி இல்லை என்பது மட்டும் தெரியும்.

"பாட்டிலுக்கு எங்கன போக?" என்றார் முதலாளி. அவருக்கு என் மேல் இருந்த கோபம் தணியவில்லை, ஆனால் காது கொடுத்தார்.

செல்லம்மாள் புருஷன் குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். காலி பாட்டிலுக்குப் பஞ்சமே இல்லை என்று சாக்கு மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார். நாங்களும் அவசரத்தில் ஒரு அலசு அலசித் தண்ணீர் பிடித்துச் செருகினோம். முதலில் பிரித்த வரிசை முழுவதும் மறுநாளே தலை தொங்கிவிட்டது. பார்த்தால் தண்ணீர் மேலே எண்ணெய் கண் கண்ணாக மிதக்கிறது, வெட்டுவாய் முழுக்க எண்ணெய் பூசிக் கிடக்கிறது. நான் போட்ட சத்தத்தில் ரதவீதித் தேரே நகர்ந்திருக்கும். செல்லம்மாள் புருஷன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினவர்தான், சீசன் முடிகிற வரைக்கும் என் கண்ணில் படவில்லை.

பிறகு சோடாக்கடைகளில் கெஞ்சி, கலர் பாட்டிலாக வாங்கிச் சாம்பல் போட்டுக் கழுவினோம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கடைசிச் சட்டியையும் மாட்டுவண்டியில் ஏற்றினோம். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணிகிணி என்று சத்தம் போட, தெருவே வேடிக்கை பார்த்தது. கோமதி வெளியில் வரவில்லை. மறுநாள் மரம் விழுந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. போயிருந்தால் அழுதிருப்பேன்.

கொட்டகையில் ஈரச்சாக்கு தொங்கவிட்டு அதற்குள் வைத்தோம். பாட்டில் தண்ணீர் ராத்திரியே பால் கலந்து வெளுத்துவிடும், வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும். தினமும் தண்ணீரை மாற்றி, வாலின் நுனியைக் கொஞ்சம் சீவிவிட வேண்டும். சீவச் சீவ வால் குட்டையாகிக்கொண்டே போகும். வால் தீர்வதற்குள் உடம்பு கூட வேண்டும், அதுதான் பந்தயம். ஒவ்வொன்றாகக் காய்ந்தது. காலையில் கொட்டகைக்குள் போகவே பயமாக இருக்கும். கடைசியில் தேறியது ஒரு கைவிரல்களுக்குள் அடக்கம். அதில் ஒன்று மட்டும் எல்லாவற்றையும்விடத் திடமாகத் துளிர்த்தது. முதலாளி அதை வேறு யாரையும் தொடவிட மாட்டார். அவரே தண்ணீர் ஊற்றுவார்.

ஐப்பசியில் கோமதி வாயைத் திறந்தாள். மாமியார் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். வந்ததும் முதல் வேலையாக, பிள்ளை பிறக்கிற வரைக்கும் வீட்டு வேலை நடக்கக் கூடாது என்று கொத்தனாரை அனுப்பிவிட்டாள். மரத்தை வெட்டிக் கட்டின சுவர் இடுப்பு மட்டத்தில் நனைந்துகொண்டு நின்றது.

சேதி நர்சரிக்கும் வந்தது. முதலாளி கையில் மாதத்தை எண்ணிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப ஆடியிலயே உண்டாயிருந்திருக்கா. நீ தெனம் அங்கனதான கெடந்த. ஒனக்குத் தெரியும், அப்படித்தான?"

"தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சும் கல்லு மாதிரி நின்னியா? நான் அந்த மனுசன்ட்ட அத்தன கெஞ்சு கெஞ்சுதேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மரம் நின்னிருக்கும்லா!"

"நின்னிருக்கும். அந்த வார்த்தை என்னோடது இல்ல அண்ணாச்சி. அவ வயித்துல உள்ளதச் சொல்ல நான் யாரு?"

"நல்ல நியாயம் பேசுத!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதற்கப்புறம் வேலை சொல்வதென்றாலும் செல்லம்மாளிடம்தான் சொல்வார், நான் பக்கத்தில் நின்றாலும். மாதக்கணக்கில் அப்படியே போயிற்று. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். நான் செய்தது சரி என்று தெரிந்தாலும், காலையில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போவது கஷ்டமாகத்தான் இருந்தது.

பங்குனியில் பெண்குழந்தை பிறந்தது. குழந்தைக்குக் கழுத்து நின்றபிறகு ஒருநாள் கோமதி ஒரு குதிரை வண்டியில் குழந்தையோடு நர்சரிக்கே வந்து இறங்கினாள். நேரே முதலாளியிடம் போனாள்.

"அண்ணாச்சி, நீங்க அக்காகூட மொகங்குடுத்துப் பேசுததில்லன்னு கேள்விப்பட்டேன். நான் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோங்க. அன்னைக்கு நீங்க மரத்தடியில நின்னு பேசுதப்ப நான் வாசல்லதான் நின்னேன். நீங்க கெஞ்சுனதக் கேட்டு எனக்கே மனசு தாங்கல. அக்கா என்னைய ஒரு பார்வ பாத்திருந்தாப் போதும், நானே சொல்லியிருப்பேன். பயந்து நடுங்கிக்கிட்டே சொல்லியிருப்பேன். அவுக என் பக்கமே திரும்பல. கடைசி வரைக்கும் அந்தக் கிளையவே பாத்துக்கிட்டு நின்னாக."

குழந்தை முதலாளியின் துண்டு நுனியைப் பிடித்து இழுத்து வாயில் வைத்தது. அவர் மெதுவாகத் துண்டை உருவிக்கொண்டு கொட்டகைக்குள் போனார். வரும்போது கையில் ஒரு சட்டி. கொண்டுபோய் வண்டிக்குள் கோமதி உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில், சாயாமல் வைக்கோலை அணைத்து வைத்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த அந்தச் செடி.

"அண்ணாச்சி! என்ன செய்யுதீக? அதுதான் இருக்கதுலயே நல்ல செடி!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சுதான் எடுத்தேன் வடிவு" என்றார். "மிச்சத்த நம்ம தோட்டத்துல எங்கன நடணும்னு நீயே எடத்தப் பாத்துச் சொல்லு."